ஆறாம் வகுப்புல ஒரே பிரிவு: பள்ளிக்கு வேன் வாங்கலாமா, வேண்டாமா?

மன்னை மைந்தன்
2025 ஜூன் 8, ஞாயிறு

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில 1998ல பத்தாவது முடிச்சவன் நான். பள்ளி பேரு வேணாம், தலைமையாசிரியருக்குத் தொந்தரவு.

நான் ஆறாவது சேர்ந்தப்ப நாலு பிரிவு. அ, ஆ, இ, ஈ. நான் கடைசிப் பிரிவு. "ஈ ஓட்டுற கிளாஸ்"னு மத்தவனுங்க கேலி பண்ணுவானுங்க. போன வாரம் பள்ளி திறந்த அன்னிக்குப் போயிருந்தேன். ஆறாவதுல ஒரே பிரிவு. எங்க 'ஈ' ரூம்ல கால் ஒடஞ்ச பெஞ்சும் பழைய சத்துணவு அண்டாவும் கிடக்கு. இப்ப நெசமாவே ஈ ஓட்டுது.

தலைமையாசிரியர் முன்னாள் மாணவர் குழுகிட்ட ஒண்ணுதான் கேட்டார்: "பழைய வேன் ஒண்ணு வாங்கிக் குடுங்க. தனியார் வேன் வாசல்ல வந்து நிக்குது. நாங்க எத்தனை வீடு ஏறி இறங்கினாலும் 'வேன் உண்டா சார்'னுதான் கேக்குறாங்க." குழுவுல பாதி பேர் சரிங்கிறாங்க. மீதி பேர், பிள்ளையே பொறக்கல, வேன் எதுக்குங்கிறாங்க. வேன் வாங்குறதோடயும் முடியாது. டிரைவர் சம்பளம், டீசல், எஃப்சி, இன்சூரன்ஸ்னு வருஷா வருஷம் காசு வேணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்குப்புள்ள
2025 ஜூன் 8, ஞாயிறு

"பிள்ளையே பொறக்கல" கட்சிக்காரர் சொல்றதுல பாதி உண்மை.

தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரியா 2.1 குழந்தைங்கிற நிலைக்கு 2000ஐ ஒட்டியே வந்துட்டோம். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புல அது 1.4. குடும்ப நலக் கணக்கெடுப்பு (2019–21) 1.8னு சொல்லுது. எந்தக் கணக்கை எடுத்தாலும் அப்பா அம்மா ரெண்டு பேரோட இடத்தை நிரப்பவே ஆள் வரல.

இதைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுலயே பார்க்கலாம். பள்ளி மாணவரா எழுதினவங்க 2018ல 9.50 லட்சம், 2023ல 9.14, 2024ல 8.94, போன மாசம் ரிசல்ட் வந்த 2025ல 8.71. இதுல தனியார் பள்ளியும் சேர்த்தி. சிபிஎஸ்இக்குத் தாவினவங்க இதுல வர மாட்டாங்க, அதனால முழுக் குறைவையும் பிறப்பு மேல போட முடியாது. ஆனா குளத்துல தண்ணி குறையுதுங்கிறது தெளிவு.

இன்னொண்ணு. இந்த வருஷம் ஆறாவது வந்தது 2014–15ல பொறந்தவங்க. கொரோனா நேரத்துல பொறந்தது 2031ஐ ஒட்டித்தான் ஆறாவதுக்கு வரும். வேனோட ஆயுசையும் சேர்த்து யோசிங்க.

கரும்பலகை
2025 ஜூன் 8, ஞாயிறு

புதுக்கோட்டை மாவட்டத்துல பட்டதாரி ஆசிரியர், 19 வருஷ சர்வீஸ். கணக்குப்புள்ள சொன்னது சரி, ஆனா நான்கு பிரிவு ஒன்றாகச் சுருங்கியதற்குப் பிறப்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்த அளவுக்கா பிறப்பு குறைந்தது?

எங்கள் பள்ளியில் 2021 ஜூனை மறக்க மாட்டேன். சேர்க்கைக்கு வரிசை நின்றது. தனியாரில் கட்டணம் கட்ட முடியாதவர்கள், ஆன்லைன் வகுப்புக்கு எதற்குப் பணம் என்று கேட்டவர்கள், சென்னையிலும் திருப்பூரிலும் வேலை போய் ஊர் திரும்பியவர்கள் எல்லாரும் வந்தார்கள். பழைய பள்ளி பாக்கிக்காக டிசி தரவில்லை என்று கையை விரித்தவர்களையும் ஆதார் வைத்துச் சேர்த்துக்கொண்டோம். பெஞ்சு போதாமல் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கடன் வாங்கினோம். பேப்பர்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். இரண்டே வருடம். 2023 மே மாதம் அதே பெற்றோர் டிசி கேட்டு வந்தார்கள். ஒரு அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டே, "இங்க நல்லாத்தான் சார் பாத்துக்கிட்டீங்க, மச்சான் வீட்ல பேசுறாங்க" என்றார்.

ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை மாணவர் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம். குறைந்தால் 'உபரி' என்று பெயர் எழுதி, பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். போகிறவர் கணக்கு வாத்தியார் என்றால் அடுத்த வருடம் அந்தக் காரணத்துக்காகவே பத்துப் பேர் போவார்கள். பிளஸ் ஒன்னில் உயிரியல் பிரிவுக்கு ஆள் சேரவில்லை என்று மூடினால், டாக்டர் கனவு இருக்கிற பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலேயே கிளம்பிவிடும். உருண்டுகொண்டே இருக்கும்.

கணக்குப்புள்ள
2025 ஜூன் 8, ஞாயிறு

கரும்பலகை சார் சொன்ன மாதிரி வெள்ளமா வந்ததும் அப்புறம் வடிஞ்சதும் நாடு முழுக்க நடந்ததுதான். ஏசர்ங்கிற கல்விநிலைக் கணக்கெடுப்பு அறிக்கைப்படி 6–14 வயசுல அரசுப் பள்ளியில இருந்தவங்க 2018ல 65.6 சதவீதம், 2022ல 72.9, 2024ல 66.8. போன இடத்துக்கே திரும்பி வந்தாச்சு. இது ஊர்ப்புறக் கணக்கு மட்டும், அதுவும் மொத்த இந்தியாவுக்கு.

வடக்குத்தெரு
2025 ஜூன் 9, திங்கள்

எல்லாரும் சுத்தி வளைச்சுப் பேசுறீங்க. நான் நேரடியா சொல்றேன், கோச்சுக்காதீங்க.

எங்க ஊர்ல பொறப்பு கொறஞ்சது எல்லாத் தெருவுலயும்தான். ஆனா பள்ளிக்கூடத்த விட்டுப் போனது எல்லாத் தெருவும் இல்ல. மளிகைக் கடை, நெல் வியாபாரம், பத்து மா நிலம் வெச்சிருக்கவன், கவர்மெண்ட் சம்பளக்காரன், இவங்க பிள்ளைங்கதான் மொதல்ல போச்சு. மிச்சம் இருக்கறது எங்க தெரு பிள்ளைங்களும் நடவுக்குப் போறவங்க பிள்ளைங்களும். இப்ப "காலனிப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடம்"னு ஒரு பேரு. வேன் வரலைங்கறது வெளிய சொல்ற காரணம். வீட்டுக்குள்ள சொல்ற காரணம் வேற.

மைந்தன் சார், நீங்க ஆறாவது படிச்சப்ப உங்க பெஞ்சுல யார் யார் உக்காந்தாங்கன்னு ஒரு தடவ நெனச்சுப் பாருங்க. இப்ப அந்தப் பெஞ்சுல யார் இருக்காங்கன்னும் பாருங்க.

வேன் மாமா
2025 ஜூன் 9, திங்கள்

சாதியை எல்லாத்துலயும் இழுக்காதீங்கப்பா. இங்கிலீஷ் மீடியம் வேணும்னு போறாங்க, அவ்ளோதான்.

வடக்குத்தெரு
2025 ஜூன் 9, திங்கள்

அரசுப் பள்ளியில 2012–13லேயே இங்கிலீஷ் மீடியம் ஆரம்பிச்சாச்சு மாமா. எங்க பள்ளியிலயும் பிரிவு இருந்துச்சு. சமச்சீர் வந்த பிறகு மெட்ரிக்லயும் இதே புஸ்தகம்தான். போனவங்க திரும்பி வந்தாங்களா?

மதிவதனி_பிகாம்
2025 ஜூன் 9, திங்கள்

நான் கும்பகோணத்துல பிகாம் இரண்டாம் வருஷம். வடக்குத்தெரு அண்ணா சொல்றதோட இன்னொண்ணும் இருக்கு. ஒரே வீட்டுக்குள்ளயும் பிரிச்சாங்க.

நான் ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளி. என் தம்பி எல்கேஜிலேர்ந்து வேன். "பொம்பளப் புள்ள, பக்கத்துலயே படிக்கட்டும்"னு அப்பத்தா சொன்னாங்க. அவன் டையைக் கட்டிவிட்டு வேன்ல ஏத்திட்டுத்தான் நான் தினமும் நடந்து போவேன். எங்க வகுப்புல நாங்க 22 பொண்ணுங்க, பசங்க 9 பேர். அந்த 9 பேரோட அக்காவோ தங்கச்சியோ எல்லாரும் எங்ககூடத்தான் படிச்சாங்க. ஆனா எங்கள்ல நெறைய பேரோட தம்பிங்க அங்க இல்ல.

இப்ப எனக்குப் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் வருது. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சதால. போன வருஷம் ஆகஸ்ட்டுல பசங்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்துச்சு. தம்பிக்குக் கிடைக்காது. அப்பத்தா இப்ப, "அவனையும் உங்ககூடயே போட்டிருக்கலாம்"ங்குது 😄

வேன் மாமா
2025 ஜூன் 10, செவ்வாய்

இந்தச் சலுகைக்காகவாவது பதினொண்ணாவதுல அரசுப் பள்ளிக்கு வருவாங்களே? 7.5 சதவீத மெடிக்கல் சீட்டும் இருக்கு. என் மச்சினர் பையனை அப்படித்தான் சேர்க்கலாம்னு இருக்காங்க.

கரும்பலகை
2025 ஜூன் 10, செவ்வாய்

மச்சினரைத் தடுத்து நிறுத்துங்கள், உடனே!

7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு (2020 சட்டம்) ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று எட்டாவது வரை படித்த பிள்ளைக்கு மட்டும் விலக்கு, அதுவும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால். பதினொன்றில் வந்து சேர்ந்தால் சைக்கிள் கிடைக்கும், சீட்டு கிடைக்காது. வருடா வருடம் இதே தவறான தகவலோடு யாராவது வந்து, விவரம் தெரிந்ததும் என் எதிரில் உட்கார்ந்து அழுகிறார்கள்.

மைந்தன், உங்கள் விஷயத்துக்கும் இது முக்கியம். இந்தச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் வாசல் ஆறாம் வகுப்புதான். தனியாரில் ஐந்தாவது முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நான் ஏப்ரலில் போவேன். "இப்ப வந்தா உண்டு, ஏழாவதுல வந்தா இல்ல" என்று சொன்னால் காது கொடுக்கிறார்கள். துண்டறிக்கையில் 'கட்டணமில்லாக் கல்வி, சீருடை, புத்தகப்பை' என்று பட்டியல் போடுவது வீண். அது எல்லாருக்கும் தெரியும்.

பனியன் நகர்
2025 ஜூன் 11, புதன்

திருப்பூர்ல இருந்து எழுதறனுங்க. செக்கிங் செக்சன்ல சூப்பர்வைசர், பையன் படிக்கற மாநகராட்சிப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கறேன்.

உங்க பேச்சக் கேட்டா எனக்கு வேற உலகமாட்ட இருக்குதுங்க. எங்களுக்குப் பிரச்சனையே இடம் பத்தாததுதான். ஒரு வகுப்புல ஒடியா, இந்தி, பெங்காலி பேசற புள்ளைங்களும் இருக்குது. டீச்சர் தமிழ்ல கேக்கறாங்க, மொதப் பெஞ்சுல இருக்கற பீகார்ப் பொண்ணு பின் பெஞ்சுத் தம்பிக்கு இந்தியில சொல்லுது, அவன் தமிழ்ல பதில் சொல்லிப் பழகறான். சின்ன வயசுல சேர்ந்ததெல்லாம் நம்மூருப் புள்ளையாட்டவே பேசுது. எட்டாவதுல வந்து சேர்றதுதான் பாவமுங்க. 2006 சட்டப்படி பத்தாவதுல தமிழ்த் தாள் எழுதோணும். ரெண்டு வருசத்துல எப்புடி?

அப்பறம் தீவாளிக்கு ஊருக்குப் போனவங்க திரும்பி வந்தா உண்டு, வரலீன்னா எமிஸ்ல, அதாவது மாணவர் விவரம் ஏத்தற அரசு வலைத்தளத்துல, பேரு தொங்கும். ஆர்டர் இல்லாத மாசம் கம்பெனி ஆளைக் கொறச்சா, அடுத்த வாரம் வகுப்புல அந்தக் குடும்பத்துப் புள்ள இருக்காது. அப்பிடிப் போனவங்க பேரை காமன் பூலுக்கு (எந்தப் பள்ளியிலயும் இல்லாத புள்ளைங்க பட்டியலுக்கு) தள்ளிவிடறதுக்கே ஒரு டீச்சர் தனியா வேணும்.

இத எதுக்கு சொல்றன்னா, எங்க பையன் வகுப்புலயே மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் புள்ளைங்க நாலஞ்சு இருக்குது. கஜா புயலுக்கு அப்பறம் வந்த குடும்பமுங்க. தென்னை போச்சு, கடன் நின்னுச்சு, பனியன் கம்பெனிக்கு வந்துட்டாங்க. நீங்க தேடற ஆறாங் கிளாஸ் புள்ளைங்க இங்கதானுங்க இருக்குது. வேன் அனுப்பறதுன்னா திருப்பூருக்கு அனுப்புங்க!

மன்னை மைந்தன்
2025 ஜூன் 11, புதன்

பனியன் நகர், சிரிப்பும் வருது, வயித்தையும் பிசையுது. 2018 நவம்பர்ல எங்க கொல்லையிலயும் ஒரு தென்னை மிச்சமில்ல.

வடக்குத்தெரு கேட்டதுக்கும் பதில் சொல்லணும். என் பெஞ்சுல நாலு பேரு. ஒருத்தன் ஐயர் வீட்டுப் பையன், ஒருத்தன் எங்க சொந்தம், ஒருத்தன் வடக்குத்தெரு, நான். அதுல மூணு பேரோட பிள்ளைங்க இப்ப தனியார்ல. என் பிள்ளையும் சேர்த்துத்தான். இதை எழுத ரெண்டு நாள் யோசிச்சேன்.

மெட்ரிக் மிஸ்
2025 ஜூன் 11, புதன்

தனியார் பக்கத்துல இருந்து ஒருத்தியாவது பேசணும்ல. சின்ன மெட்ரிக் பள்ளி, ஊர் சொல்ல மாட்டேன். எங்களை ஏதோ பிள்ளைகளை வாரிக்கிட்டுப் போறவங்க மாதிரி நினைக்கிறீங்க. மார்ச் மாசம் வந்தா ஆளுக்கு இத்தனை அட்மிஷன் பிடிக்கணும்னு எங்களுக்கு டார்கெட். எல்கேஜிக்கு மூணு வயசுக் குழந்தை எங்க இருக்குன்னு தெருத்தெருவா நாங்களும்தான் அலையறோம். ரெண்டு வேன் ஓடினது இப்ப ஒண்ணு. பெரிய சிபிஎஸ்இ பஸ் வந்து எங்க பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போகுது. நீங்க எங்களைப் பாக்குற மாதிரி நாங்க அவங்களைப் பாக்குறோம்.

சிவகாமி_அங்கன்வாடி
2025 ஜூன் 12, வியாழன்

நான் அதிகம் எழுத மாட்டேன். 2031ல எத்தனை பேர் ஆறாவது வருவாங்கன்னு இங்க பேசுறீங்க. அது எங்க பதிவேட்டுல இருக்கு. கர்ப்பம்னு தெரிஞ்சதும் நர்ஸம்மா பிக்மி நம்பர் (கர்ப்பிணிப் பதிவு எண்) போட்டுடுவாங்க, குழந்தை பிறந்ததும் எங்க நோட்டுக்கு வந்துடும். எங்க மையத்துல முன்னெல்லாம் சத்துமாவு பாக்கெட் வாங்க வாசல் வரைக்கும் நிப்பாங்க. இப்ப பேரு எழுதுற பக்கமே பாதி காலியா இருக்கு. மக்கள்தொகைக் கணக்கு 2011க்கு அப்புறம் எடுக்கல, அடுத்தது 2027லதான்னு சொல்றாங்க. அதுவரைக்கும் யாரும் காத்திருக்க வேணாம், உங்க ஊர் அங்கன்வாடிக்குப் போய்க் கேளுங்க.

கரும்பலகை
2025 ஜூன் 12, வியாழன்

சிவகாமி அம்மா சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான யோசனை. மைந்தன், வேனுக்கு விலை விசாரிக்கும் முன் சுற்றுப்பட்டில் உள்ள தொடக்கப் பள்ளிகளுக்கு நடந்து போங்கள். போன வருடம் ஐந்தாவது முடித்தவர்கள் யார் யார், எங்கே சேர்ந்தார்கள் என்று பேர் பேராகக் கேளுங்கள். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லாமே 'குறைகிறது' என்றுதான் தெரியும். பேரைப் பார்த்தால்தான் யார் பிறக்கவில்லை, யார் திருப்பூர் போனார், யார் வேனில் ஏறினார் என்பது பிரியும்.

மன்னை மைந்தன்
2025 ஜூன் 20, வெள்ளி

போயிட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் லீவு போட்டு, பழைய பெஞ்சு நண்பன் ஒருத்தனையும் கூட்டிக்கிட்டு, வண்டியில சுத்தினோம்.

எங்க பள்ளிக்கு வர வேண்டிய தொடக்கப் பள்ளி அஞ்சு. அஞ்சுலயும் சேர்த்து போன வருஷம் அஞ்சாவது முடிச்சது 31 பேர். ஒரு பள்ளியில மூணே பேர். அந்த மூணு பேரையும் டீச்சர் பேர் சொல்லி, வீடு சொல்லி, யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்ங்கிறது வரைக்கும் சொன்னாங்க.

31ல 19 எங்க பள்ளியிலதான் சேர்ந்திருக்கு. வராத 12 பேருல மூணு திருப்பூர் (பனியன் நகர் வாய்க்குச் சர்க்கரை போடணும்). ரெண்டு வசதியான வீடு, தனியார். மீதி ஏழும் ஒரே ஊர், ஆத்துக்கு அந்தப் பக்கம்.

அந்த ஏழு வீட்டுலயும் ஏறினோம். எல்லாம் கூலி வேலைக் குடும்பம். அஞ்சு வீட்டுல தனியார் வேனுக்குக் கடன் வாங்கிக் கட்டியிருக்காங்க. ஏன்னு கேட்டா, ஒரு அம்மா பாத்திரம் விளக்கிக்கிட்டே சொன்னாங்க: "டவுன் பஸ்சு முன்னாடி எட்டே முக்காலுக்கு வரும். இப்ப ஒன்பது இருபத்தஞ்சுக்கு வருது. பெல்லு ஒன்பது இருபதுக்கு. தெனம் லேட்டாப் போயி முட்டி போடவா புள்ளைய அனுப்பறது? பாலம் வரைக்கும் நடந்தா நாலு கிலோமீட்டர். பொட்டப் புள்ளைங்க." கொரோனாவுல நிறுத்தின டிரிப்பைத் திரும்ப விட்டப்ப நேரத்தை மாத்திட்டாங்களாம். அதுக்கு அப்புறம்தான் அந்த ஊர்ப் பிள்ளைங்க வர்றது நின்னிருக்கு. பள்ளியில யாருக்கும் இது தெரியல. ஏன்னா வராதவங்க வந்து காரணம் சொல்ல மாட்டாங்கல்ல.

மறுநாள் காலையில ஏழே முக்காலுக்கு முக்கூட்டுல நின்னு பாத்தோம். அரை மணி நேரத்துல அஞ்சு தனியார் வேன். அதுல இருக்கற பிள்ளைங்க எல்கேஜிலேர்ந்தே வேன்ல போறவங்க. தலைமையாசிரியர் வேன் வாங்கினாலும் அவங்க இறங்க மாட்டாங்க. வடக்குத்தெரு சொன்னது அந்த வேன்களுக்குச் சரி. இந்த ஏழு வீட்டுக்குச் சரியில்ல.

வடக்குத்தெரு
2025 ஜூன் 20, வெள்ளி

ஏழு வீட்டுல எத்தனை வீடு எங்காளுங்க?

மன்னை மைந்தன்
2025 ஜூன் 20, வெள்ளி

ஏழுமே.

வடக்குத்தெரு
2025 ஜூன் 20, வெள்ளி

அப்ப பஸ் நேரத்த மாத்தினப்ப ஏன் யாரும் கேக்கலன்னும் இப்ப புரிஞ்சிருக்கும். மனு எழுதுங்க, நானும் வர்றேன்.

வேன் மாமா
2025 ஜூன் 21, சனி

வேன் காசுக்கு நான் பத்தாயிரம் சொல்லியிருந்தேன். வேன் வேணாம்னா ஆறாவதுக்கு நல்ல பெஞ்சு வாங்குங்க. மச்சினரையும் தடுத்துட்டேன், கரும்பலகை சாருக்கு நன்றி.

கரும்பலகை
2025 ஜூன் 21, சனி

மைந்தன், மனு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் பெயரில் ஒன்று, நகல் கலெக்டருக்கு. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுங்கள், பதிவு எண் கிடைக்கும். தடம் எண், பழைய நேரம், இப்போதைய நேரம், பள்ளி மணி நேரம் நான்கையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். தலைமையாசிரியரின் கடிதமும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் இணைப்பாக வேண்டும். ஏழு பிள்ளைகளோடு நிறுத்தாமல், அந்த ஊரில் ஏழு முதல் பன்னிரண்டாவது வரை வெளியே போகிற எல்லார் பெயரையும் சேருங்கள். அந்த அம்மாவையும் கூட்டிப் போங்கள், அவரே சொல்லட்டும்.

ஆனால் சீக்கிரம். ஆகஸ்ட் 1க்கு முன்னால் பஸ் நேரம் மாறி, அந்த ஏழு பேரும் எமிஸில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு அப்புறம் வந்தால் பிள்ளைகளுக்கு லாபம்தான், உங்கள் கணக்கு வாத்தியாருக்கு இந்த வருடம் பலனில்லை.

மன்னை மைந்தன்
2025 ஜூன் 21, சனி

நாளை மறுநாள் திங்கள். தலைமையாசிரியர்கிட்ட கடிதம் வாங்கியாச்சு. அந்த அம்மா வர்றேன்னுட்டாங்க, அன்னிக்கு நடவுக் கூலி போயிடுமேன்னுதான் யோசிக்கிறாங்க. அதை வேன் மாமா காசுலேர்ந்து குடுத்துடலாமா மாமா?